துணித் தோரணம் தைக்கும் கிட்: காசுக்குத் தகுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'நீங்களே தைத்துக்கொள்ளுங்கள்' என்று பெட்டியில் போட்டு ஆன்லைனில் விற்கிறார்களே துணித் தோரணக் கிட், அது வேண்டாம். தோரணம் வேண்டும், வீட்டிலேயே தைக்கவும் வேண்டும், அந்தப் பெட்டிதான் வேண்டாம். அந்தக் காசில் துணி ஓரத்தைப் பல் பல்லாக வெட்டுகிற ஒரு நல்ல ஜிக்ஜாக் கத்தரியும் ஒரு ரோல் காட்டன் நாடாவும் வாங்கிவிட்டால் மீதி எல்லாமே நம் வீட்டு பீரோவில் இருக்கிறது. தையல் ஓரளவு தெரிந்தவர்கள் பாதியைத் தாண்டிப் போய்விடலாம். தெரியாதவர்களுக்காகத்தான் கொஞ்சம் விலாவாரியாக எழுதுகிறேன்.

அக்கா மகளின் முதல் பிறந்தநாளுக்காக வாங்கியது. நூறு ரூபாய்க்கு மினுமினு பேனர் கிடைக்கும்போது எதற்கு இந்த வேலை என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த மினுமினு சமாச்சாரம் கேக் வெட்டி முடிப்பதற்குள் ஒரு பக்கம் கழன்று தொங்கும், மறுநாள் குப்பைக்குப் போகும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பொருட்களில் பிளாஸ்டிக் கொடியும் உண்டு. நாடு முழுவதுக்குமான தடை 2022 ஜூலை 1-இல் வந்தபோது அதில் பிளாஸ்டிக் கொடி, பலூன் குச்சி, அலங்காரத் தெர்மாகோல் எல்லாமே இருந்தன. குழந்தையின் பெயரைத் தெர்மாகோலில் வெட்டி ஜிகினா தூவி மாட்டுவோமே, அதுவும் சேர்த்துத்தான். கடையில் இன்னும் தொங்குகிறது என்பது வேறு கதை. துணி என்றால் துவைத்து மடித்து வைத்து அடுத்த விசேஷத்துக்கு எடுக்கலாம், எனக்கு அது போதும்.

சரி, கிட்டுக்கு வருகிறேன். அறுநூறு ரூபாய் சொச்சம். உள்ளே வெட்டிய முக்கோணத் துணி 12, ஒவ்வொன்றும் மேல் பக்கம் 20 செ.மீ. அகலம். 3 மீட்டர் டேப், ஒரு சின்ன நூல்கண்டு, ஊசிகள், ஆங்கில எழுத்து ஸ்டிக்கர், நாலு மடிப்பாக ஒரு செய்முறைத் தாள். படத்தில் பார்த்தால் கொடிக்கும் கொடிக்கும் நடுவே அழகாக இடைவெளி விட்டுத் தொங்குகிறது. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 கொடி, தலா 20 செ.மீ., அதுவே 2 மீட்டர் 40 செ.மீ. ஆகிவிட்டது. இரண்டு முனையிலும் கட்டுவதற்கு 30 செ.மீ. விட்டால் டேப் தீர்ந்தது. இடைவெளிக்கு எங்கே போவது? தோளோடு தோள் ஒட்டித்தான் தைக்க முடியும், அப்படித் தைத்தால் கொடி மாதிரியே தெரியாது, ரம்பப் பல் மாதிரி நீளமாக ஒரு பட்டிதான் தெரியும்.

அது கூடப் பரவாயில்லை. துணியை வெட்டியிருக்கிற லட்சணம்தான் எரிச்சல். துணிக்கு நெடுக்கு நூல், குறுக்கு நூல் என்று இரண்டு உண்டு. முக்கோணத்தின் நடுக்கோடு, அதாவது மேல் பக்கத்தின் மையத்திலிருந்து கீழ்க் கூர் வரை வருகிற கோடு, நெடுக்கு நூலோடு ஒத்துப்போனால் கொடி நேராகத் தொங்கும். துணியை மிச்சம் பிடிக்கிறேன் என்று கண்டபடி திருப்பித் திருப்பி வெட்டினால் ஒன்று நேராக நிற்கும், அடுத்தது ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சுருளும். இந்தக் கிட்டில் அப்படித்தான் இருந்தது. மாட்டிய பிறகு எத்தனை முறை நீவி விட்டாலும் அதே நாலைந்து கொடிகள் திரும்பத் திரும்ப முறுக்கிக்கொண்டன. அது தைத்தவர் குற்றமில்லை, வெட்டியவர் குற்றம்.

இன்னொன்று, கொடி காட்டன், டேப் பாலியஸ்டர். துவைத்ததும் காட்டன் சுருங்கும், பாலியஸ்டர் அசையாது. ஆக, ஒரு துவைப்புக்குப் பிறகு தையல் நெடுகச் சுருக்கம். துவைக்கக் கூடாது என்று செய்முறைத் தாளில் எங்கும் போடவில்லை. துணித் தோரணத்தைத் துவைக்க முடியாது என்றால் அதற்குக் காகிதமே தேவலை.

டேப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தோரணத்தின் தலையெழுத்தே அதில்தான் இருக்கிறது. கொடியை எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் டேப் தொய்ந்தால் மொத்தமும் தொய்யும். கிட்டில் வருவது கிராஸ் பட்டி. தையல்காரர்கள் துணியை மூலைவாட்டில் வெட்டி எடுக்கிற பட்டி, ரெடிமேடாகவும் ரோலில் கிடைக்கும். கழுத்து வளைவுக்கும் கைக்குழிக்கும் அது அருமையான பொருள், ஏனென்றால் இழுத்தால் நீளும், வளைவோடு வளைந்து கொடுக்கும். ஆனால் தோரணத்தில் வளைவு எங்கே இருக்கிறது? நேர்க்கோடுதானே? நீளக்கூடிய பட்டியில் வரிசையாகக் கனத்தைத் தொங்கவிட்டால் அது மெல்ல மெல்ல நீண்டுகொண்டேதான் போகும். காலையில் இழுத்துக் கட்டியது சாயங்காலம் விருந்தாளிகளின் தலையைத் தட்டும்.

இதற்கு நேர் நூலில் நெய்த காட்டன் நாடா போதும். உள்பாவாடை நாடாவை விட அகலமானது, 25 மி.மீ. அல்லது ஒரு அங்குலம் என்று கேளுங்கள். சாய்வு சாய்வாகக் கோடு தெரிகிற ட்வில் நெசவு கிடைத்தால் இன்னும் நல்லது. கையில் இழுத்துப் பாருங்கள், ரப்பர் போலக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதை நீளவாக்கில் இரண்டாக மடித்து அயர்ன் செய்தால் ஒன்றேகால் செ.மீ. அகலத்தில் ஒரு வாய் மாதிரி வரும், கொடியின் மேல் ஓரத்தை அந்த வாய்க்குள் செருகி ஒரே தையல். பின்னால் பிசிறு தெரியாது. தையல் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் இது உண்டு. திருச்சியில் மலைக்கோட்டையைச் சுற்றியிருக்கும் கடைவீதிகளில் நூல், பொத்தான், லேஸ் விற்கிற சந்துக் கடைகளில் பார்த்தேன், மீட்டர் கணக்கிலும் தருகிறார்கள், ரோலாக எடுத்தால் மலிவு. கடைக்காரரிடம் தோரணத்துக்கு என்று சொன்னால் அவர் ஜிகினா லேஸ் எடுத்துப் போடுவார். நாடா என்று மட்டும் கேளுங்கள்.

இனி துணி. கல்யாணம், வளைகாப்பு, கிரகப்பிரவேசம், நவராத்திரி என்று போகிற இடத்தில் எல்லாம் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கிற ஜாக்கெட் பிட், எந்தப் புடவைக்கும் பொருந்தாமல், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்றால் யார் கொடுத்தது என்று மறந்துபோய் அவர்களுக்கே திருப்பிக் கொடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் பீரோவின் அடித்தட்டில் கிடக்குமே, அதுதான் தோரணத்துக்கு முதல் தரச் சரக்கு. காட்டன் பிட்டாக இருந்தால் நெருக்கமான நெசவு, மெல்லிய கனம், எல்லா நிறமும் உண்டு. கிட்டில் வந்த துணியை விட எங்கள் வீட்டு அடித்தட்டுத் துணி உசத்தியாக இருந்தது, சத்தியமாக.

80 செ.மீ. பிட், அகலம் 90 செ.மீ. என்று வையுங்கள். மேல் பக்கம் 18 செ.மீ., உயரம் 23 செ.மீ. இருக்கிற முக்கோணம் ஒன்றைக் கெட்டி அட்டையில் வெட்டிக்கொள்ளுங்கள். துணியை 23 செ.மீ. பட்டிகளாக மூன்று எடுத்து, ஒவ்வொன்றிலும் அட்டையை நேராக ஒரு முறை, தலைகீழாக ஒரு முறை என்று மாற்றி மாற்றி வைத்து வரைந்தால் ஒரு பட்டிக்கு 9 கொடி, மொத்தம் 27. நூல் ஓட்டமும் தப்பாது. ஒரே துணி, இரண்டு அடுக்கு இல்லை என்றால் 27-ம் முழுசாக உங்களுக்குத்தான். இரண்டு அடுக்காகத் தைத்தால் 13. நேராகவும் தலைகீழாகவும் வெட்டுவதால் யானை, மயில் அச்சு போட்ட துணியில் பாதிப் பேர் சிரசாசனம் செய்வார்கள், அதற்குப் பூ, புள்ளி, கட்டம் மாதிரி எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுபோல் தெரிகிற அச்சாக எடுங்கள்.

5 மீட்டர் தோரணத்துக்கு இரண்டு முனையிலும் 30 செ.மீ. கட்ட விட்டு, கொடிக்கும் கொடிக்கும் 5 செ.மீ. இடைவெளி வைத்தால் 19 கொடி வரும். ஒரு சாதாரண ஹாலின் ஒரு சுவருக்கு அது தாராளம். நான் நாலு நிறப் பிட்டில் கலந்து வெட்டினேன்.

பிட் இல்லாதவர்கள் புதிதாக வாங்குவதென்றால் பாப்ளின், கேம்பிரிக், டூ பை டூ ஏதாவது ஒன்று. சென்னைக்காரர்களுக்குக் கோடவுன் தெரு, ஈரோட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு ஜவுளிச் சந்தை. திருப்பூர்ப் பனியன் துணி கட் பீஸ் எடை போட்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று அதில் கை வைக்காதீர்கள். பின்னல் துணி, இழுபடும், ஓரம் சுருண்டுகொள்ளும், கூர் முனை நிற்கவே நிற்காது. சாட்டின், பட்டு மாதிரி வழுக்கும் துணிகளும் வேண்டாம், வெட்டிய நிமிஷத்திலிருந்து பிரியத் தொடங்கிவிடும்.

நிறம் தேர்ந்தெடுக்கும்போது நம்மூருக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. கறுப்பு ஒன்று சிவப்பு ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்தால் வீட்டுக்கு வருகிறவர்கள் தலைவர் எப்போது பேசுகிறார் என்று கேட்பார்கள். நடுவில் ஒரு வெள்ளையைச் செருகித் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், அது அடுத்த கட்சி. குறைந்தது நாலு நிறம் எடுத்து, வரிசை வைக்காமல் கலைத்துப் போடுவது நல்லது. முக்கோணத் துணி என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது பொதுக்கூட்டம்தான், என்ன செய்வது. ஆனால் கோயில் தேரில் தொங்குகிற தொம்பையையும் தேர்ச்சீலையையும் ஒருமுறை கிட்டே போய்ப் பாருங்கள். துணி மேல் துணி வைத்துத் தைத்த அந்த ஒட்டுவேலையில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள், பச்சை, கறுப்பு எல்லாம் எவ்வளவு துணிச்சலாகக் கலந்திருக்கும்! பிறந்தநாள் என்றால் வெளிர் ரோஸும் வெளிர் நீலமும்தான் என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியவில்லை.

வெட்டுவதற்கு முன்னால் பிட்டுகளைத் தனித்தனியாக நனைத்துப் பிழிந்து உலர்த்துங்கள். சுருங்குவது இப்போதே சுருங்கிவிடட்டும். மெரூன், கருநீலம், அடர் பச்சை எல்லாம் சாயம் விடும். ஈரத் துணியின் மேல் ஒரு வெள்ளைத் துணியை வைத்து அயர்ன் செய்து பாருங்கள், வெள்ளையில் நிறம் இறங்கினால் அந்தப் பிட்டை ஒதுக்கிவிடுங்கள். உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் நின்றுவிடும் என்று எல்லா வீட்டிலும் ஒருவர் சொல்வார். துணியில் பிடிக்காமல் நிற்கிற சாயம் உப்பைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளாது.

உலர்ந்ததும் கஞ்சி. சாதம் வடித்த கஞ்சியோ கடையில் வாங்கிய ரிவைவோ, எதுவாக இருந்தாலும் சரி. மொடமொடவென்று அயர்ன் செய்த துணியில் கோடு போடுவதும் சுலபம், வெட்டுவதும் சுலபம், கொடியின் நுனியும் விறைப்பாக நிற்கும். இந்த ஒரு வேலையைக் கிட் விற்பவர்கள் செய்து அனுப்பியிருந்தால் நான் இவ்வளவு திட்டியிருக்க மாட்டேன்.

கிட்டோடு 'சேர்த்து வாங்குங்கள்' என்று ஒரு கையடக்கத் தையல் மிஷினையும் காட்டினார்கள், ஸ்டேப்ளர் மாதிரி இருக்குமே, அது. அதையும் வாங்கிப் பார்த்தேன். நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள். அது போடுவது ஒற்றை நூல் சங்கிலித் தையல். நம் வீட்டு மிஷினில் மேல் நூல் ஒன்று, பாபின் நூல் ஒன்று, இரண்டும் பின்னிக்கொள்வதால் ஓரிடத்தில் அறுந்தாலும் மீதி நிற்கும். ஒற்றை நூல் சங்கிலியில் கடைசிக் கண்ணியை முடிச்சுப் போடாமல் விட்டால், அரிசி மூட்டையின் வாயில் ஒரு நூலைப் பிடித்து இழுத்ததும் சர்ரென்று மொத்தமும் பிரிகிறதே, அதே கதிதான். மூட்டைக்கு அப்படிப் பிரிவது வசதி, தோரணத்துக்கு ஆபத்து. கண்ணிக்கு முடிச்சுப் போட்டுத் தைத்தாலும் நாடா, கொடி, நாடா என்று மூன்று மடிப்பு வருகிற இடத்தில் அது திணறித் திணறித் தையலை விட்டுவிட்டுப் போட்டது. மிஷின் இல்லாதவர்கள் கையால் ஓட்டுத் தையல் போட்டு, கொடியின் இரண்டு மூலையிலும் பின்தையல் போட்டு இறுக்கினால் இதை விட உறுதியாக இருக்கும். மெதுவாகும், ஆனால் டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம்.

மிஷின் வைத்திருப்பவர்களுக்கு எந்த மிஷினும் போதும். எங்கள் வீட்டில் இருப்பது அம்மாவின் பழைய உஷா கால் மிஷின், முன்னால் போவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது, அதற்கே இந்த வேலை சின்ன வேலை. தோரணத்துக்காக ஆட்டோமேட்டிக் ஜிக்ஜாக் மிஷின் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் அந்தக் காசை வேறு எதற்காவது வையுங்கள். 14-ஆம் நம்பர் ஊசி, சாதாரண ஸ்பன் நூல், தையல் நீளம் இரண்டரையிலிருந்து மூன்று மி.மீ., அவ்வளவுதான். ஊசியை மட்டும் புதிதாக மாற்றிவிட்டு உட்காருங்கள்.

இரண்டு அடுக்குக் கொடி என்றால் நல்ல பக்கங்களை உள்ளே வைத்து இரண்டு சாய்வுப் பக்கத்தையும் தைக்க வேண்டும், மேல் பக்கம் திறந்தே இருக்கட்டும். சாய்வுப் பக்கம் என்பதே கிராஸில் வெட்டியது, இழுத்தால் நீளும். அதனால் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழாகவும் அடுத்ததைக் கீழிருந்து மேலாகவும் ஒரே ஓட்டத்தில் தைத்தால் கொடி கோணலாகிவிட வாய்ப்பு அதிகம். இரண்டையுமே மேலிருந்து கூர் நோக்கித் தைத்துக் கொண்டுவாருங்கள். கூரில் குறுக்காக ஒரே ஒரு தையல் விட்டால் திருப்பும்போது முனை அழகாக வரும், அதன் கீழே மிச்சத் துணியை ஒட்ட வெட்டிவிட வேண்டும். திருப்பிய பிறகு நுனியைத் தள்ளுவதற்குக் கத்தரி முனையை விடாதீர்கள், துணியைக் குத்திக்கொண்டு வெளியே வரும். ரீஃபில் தீர்ந்த பால்பாயின்ட் பேனா இருந்தால் அது சரியாக இருக்கும். கொடிகளை ஒவ்வொன்றாகத் தைத்து நூல் வெட்டி, மறுபடி தொடங்கி என்று இழுக்காமல், நூலை வெட்டாமலே ஒன்றன்பின் ஒன்றாக ஊசிக்குள் விட்டுக்கொண்டே போய்க் கடைசியில் மொத்தமாக வெட்டிப் பிரித்தால் நேரமும் நூலும் மிச்சம்.

என் விருப்பம் கேட்டால், வீட்டுக்குள் சுவரில் மாட்டுவதற்கு ஒற்றை அடுக்கு, ஓரத்தில் ஜிக்ஜாக் வெட்டு, அதுவே போதும். மொட்டை மாடி, பந்தல், இரண்டு பக்கமும் பார்வைக்குத் தெரிகிற இடம் என்றால் இரண்டு அடுக்கு. காற்றில் ஒற்றைத் துணி முறுக்கிக்கொண்டு நாடாவின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிடும், இரண்டு அடுக்குக்குக் கனம் இருப்பதால் படிந்து தொங்கும்.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது, புடவைக்கு ஃபால்ஸ் வைத்து பீகோ போட்டுத் தருகிற கடை. வெட்டிய முக்கோணங்களைக் கொண்டுபோய் ஓரம் அடித்து வாங்கலாம் என்று பக்கத்துத் தெரு பீகோ அக்காவிடம் கேட்டேன். போட்டுத் தந்தார், சுத்தமான வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சாய்வு ஓரத்தில் பீகோ விழும்போது துணி நீண்டு அலை அலையாக வருகிறது. ஃப்ரில் வைத்த மாதிரி, குழந்தை விசேஷத்துக்கு அதுவே ஒரு அழகு என்று நினைத்தால் கொடுங்கள். நேரான கூர் வேண்டும் என்பவர்கள் கொடுக்க வேண்டாம். முக்கோணத்துக்குப் பதில் செவ்வகக் கொடியாக வெட்டினால் இந்தப் பிரச்சினையே இல்லை. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மட்டும் அந்தக் கடைப் பக்கம் போகாதீர்கள், தோரணம் என்று சொன்னால் முறைப்பார்கள்.

எழுத்துகள். கிட்டில் கொடுத்திருந்த ஸ்டிக்கர் ஆங்கிலம் மட்டும், அதுவும் மறுநாள் காலையில் தரையில் கிடந்தது. தமிழில் தைத்துக்கொள்ளலாமே! 'பிறந்தநாள் வாழ்த்துகள்' என்பதற்கு எழுத்துக்கு ஒரு கொடி வைத்தால் ஆறும் ஆறும் பன்னிரண்டு கொடி. ஆங்கிலத்தில் 'ஹேப்பி பர்த்டே' எழுதப் பதின்மூன்று வேண்டும், நமக்கு ஒரு கொடி லாபம். கம்ப்யூட்டரில் தடித்த எழுத்துருவாகப் பார்த்து ஒரு கொடிக்குள் அடங்கும் அளவுக்கு அச்செடுத்து, அதை வைத்து ஃபெல்ட் துணியில் வெட்டினேன். ஃபெல்ட் ஓரம் பிரியாது, அதனால் மடிக்க வேண்டிய வேலை இல்லை. மெய்யெழுத்துப் புள்ளிக்குப் பொத்தான் தைத்தால் அழகாக இருக்கும், ஆனால் கைக்குழந்தை இருக்கிற வீட்டில் கழன்ற பொத்தான் நேராக வாய்க்குத்தான் போகும், அதனால் புள்ளியையும் ஃபெல்ட்டிலேயே வட்டமாக வெட்டித் தைத்துவிட்டேன். ள, ண மாதிரிச் சுழி எழுத்துகளில் உள் ஓட்டையை வெட்டப் பொறுமை வேண்டும். சின்ன எம்பிராய்டரி கத்தரி இருந்தால் பாதி சிரமம் குறையும். எழுத்தைத் தைப்பது கொடியை நாடாவில் ஏற்றுவதற்கு முன்னால் நடக்க வேண்டும், ஏற்றிய பிறகு மொத்த நாடாவையும் மிஷினுக்குள் இழுத்துக்கொண்டு மல்லுக்கட்ட முடியாது.

மாட்டுவது பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஜன்னல் கம்பி, திரைச்சீலைக் கம்பி, மின்விசிறிக் கொக்கி இல்லாத பக்கமாகப் பார்த்து ஒரு ஆணி. இரட்டைப் பக்க டேப் ஒட்டி மாட்டினால் டிஸ்டெம்பர் சுவரில் பெயின்ட்டோடு பெயர்ந்து வரும், வாடகை வீட்டுக்காரர்கள் ஜாக்கிரதை. வாசலில் மாவிலைத் தோரணத்துக்குப் பதில் இதைக் கட்டலாமா என்று கேட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வாசலுக்கு மாவிலைதான், துணி உள்ளே.

விசேஷம் முடிந்ததும் கஞ்சியோடு அப்படியே சுருட்டிப் பெட்டியில் போட்டால் வெள்ளிமீன் பூச்சியும் கரப்பானும் வந்து விருந்து சாப்பிடும். அலசிக் கஞ்சியை எடுத்துவிட்டு, உலர்த்தி, ஒரு நீள அட்டையில் நாடாவைச் சுற்றி வையுங்கள். அடுத்து எடுக்கும்போது சிக்கும் இருக்காது. எங்கள் வீட்டில் எழுத்து இல்லாத தோரணம் ஒன்றைக் கொலுப் படிக்கு மேலேயும் கட்டிவிட்டோம்.

கடைசியாக, காசு போட வேண்டிய பொருள் என்று முதலில் சொன்னேனே, ஜிக்ஜாக் கத்தரி. வெட்டிய ஓரம் பல் பல்லாக வருவதால் நீளமான நூல் எதுவும் ஓரத்தோடு ஒட்டியே ஓடாது, துண்டு துண்டாக நிற்கும், பிசிறு அந்தச் சின்னப் பல்லைத் தாண்டி உள்ளே ஏறுவதில்லை. நெருக்கமான காட்டனில் இது நன்றாகவே வேலை செய்கிறது. ஸ்டேஷனரி கடையில் குழந்தைகள் கைவேலைக்கு விற்கிற ஜிக்ஜாக் கத்தரி வேறு, அது காகிதத்துக்கு. துணியைக் கொடுத்தால் மென்று துப்பும். தையல் சாமான் கடையில் 9 அங்குலத்தில் கனமாக இருக்கும், அதைக் கேளுங்கள். வாங்கும் முன் ஒரு துண்டு லைனிங் துணியை இரண்டாக மடித்து அடியிலிருந்து நுனி வரை ஒரே வெட்டாக வெட்டிப் பாருங்கள். நடுவில் நன்றாக வெட்டி நுனியில் மடக்கிக்கொள்கிற கத்தரிதான் அதிகம், அப்படி இருந்தால் அடுத்ததை எடுக்கச் சொல்லுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. மலிவில் ஒன்று, கொஞ்சம் கூடுதல் விலையில் ஒன்று என்று இரண்டையும் கையில் பிடித்துப் பார்த்தேன். விலை அதிகமானதில் கைப்பிடி அகலமாக, விரல் நோகாமல் இருந்தது, பத்திருபது கொடி வெட்டும்போது அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். அலை அலையாக வளைவு வெட்டுகிற ரகமும் காட்டுவார்கள், பார்க்க அழகு, ஆனால் பிசிறு விஷயத்தில் கூர்ப் பல்தான் மேல்.

ஒரு வெட்டு முடிந்து அடுத்ததைத் தொடங்கும்போது முந்தைய வெட்டின் கடைசிப் பற்களைக் கத்தரியின் பல்லோடு பொருத்தி வைத்துத் தொடர்ந்தால்தான் வரிசை குலையாது. புதிதில் இறுக்கமாக இருக்கும், திருகில் ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் விட்டு வேண்டாத துணியை நாலு முறை வெட்டினால் இளகிவிடும். காகிதம், ஃபாயில் எதையும் இதால் வெட்ட விடாதீர்கள், முனை மழுங்கினால் தெருவில் சைக்கிளில் வருகிற சாணைக்காரரால் இந்தப் பல்லைத் தீட்ட முடியாது. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் வலது கைக்காரர்களுக்கு வார்த்தவை. என் அக்கா இடது கைக்காரி, அவளால் ஒரு கொடி கூட வெட்ட முடியவில்லை, தைக்கிற வேலை முழுக்க அவள் தலையில் விழுந்தது.